‘உனக்கு ஒண்ணுமில்ல’ என்று சொல்வதை முதலில் நிறுத்துவோம்

1/
திட்டு வாங்கத் தயாராத்தான் இந்த த்ரெட்டை எழுதுறேன். திட்டப் போறவங்கள்ல பாதிப் பேர் என் தொழில்லயே இருக்கறவங்க. பரவாயில்ல.

இருபதுகள்ல இருக்கற நம்ம பசங்களுக்கு, டாக்டர்களும் குடும்பமும் சேர்ந்து செய்யற பெரிய கெடுதல் எதுன்னு கேட்டா, நான் ஒத்த வார்த்தையைத்தான் சொல்வேன்: "ஒண்ணுமில்ல."

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்ல 18ல இருந்து 30 வயசுக்குள்ள யாராவது இருந்தா கடைசி வரை படிங்க.

2/
குற்றவாளிக் கூண்டுல முதல்ல நான் ஏறிக்கறேன். சில வருஷம் முன்னாடி நடந்தது. ஆள் அடையாளம் தெரியாத அளவுக்கு விவரங்களை மாத்தியிருக்கேன்.

24 வயசுப் பையன். திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ராத்திரி ஷிப்மென்ட் வேலை முடிச்சு பைக்ல வரும்போது திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சிருக்கு. மூச்சு பத்தல. விரலெல்லாம் மரத்துப் போச்சு. வண்டியை ஓரங்கட்டிட்டு ரோட்டோரம் உக்காந்து, அம்மாவுக்கு போன் போட்டு "நான் செத்துருவேன்மா"ன்னு அழுதிருக்கான். டீக்கடையில இருந்தவங்க ஆட்டோவில் ஏத்திக் கொண்டு வந்தாங்க.

3/
ஈசிஜி எடுத்தேன். நார்மல். சுகர், ஆக்சிஜன் நார்மல். பிரஷர் மட்டும் கொஞ்சம் கூட. அரை மணி நேரத்தில் பையன் தெளிஞ்சுட்டான். அம்மா கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாங்க.

"ஏனுங்க டாக்டர், பையனுக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"ஒண்ணுமில்லம்மா. கேஸ் டிரபிளா இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க. கண்டதையும் யோசிக்க வேணாம்னு சொல்லுங்க."

வயித்துக்கு ஒரு மாத்திரை, ஒரு சத்து ஊசி. வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தாங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் விஷயம் முடிஞ்சது. அவனுக்கு அங்கதான் ஆரம்பிச்சது.

4/
ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கட்டைப் பையோட திரும்ப வந்தான். பை நிறைய ரிப்போர்ட். 9 ஈசிஜி, 2 எக்கோ, ஒரு டிரெட்மில் டெஸ்ட், ஒரு எண்டோஸ்கோப்பி, தலைக்கு ஒரு எம்ஆர்ஐ. எல்லாமே நார்மல். எல்லா இடத்திலயும் ஒரே தீர்ப்பு: ஒண்ணுமில்ல.

வேலை போயிருந்தது. பையர் மீட்டிங்குக்கு கோயம்புத்தூர் போகச் சொன்னப்போ ரெண்டு தடவை உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டிருக்கான். மூணாவது தடவை வேலையையே விட்டுட்டான். பைக்கை வித்தாச்சு. வீட்டிலிருந்து ரெண்டு தெரு தாண்டி தனியாப் போறதில்ல. சட்டைப் பையில எப்பவும் ஒரு மாத்திரை அட்டை. அந்த மாத்திரை பத்தி பின்னாடி வர்றேன்.

5/
அன்னைக்கு ராத்திரி அவனுக்கு வந்ததுக்குப் பேர் பேனிக் அட்டாக். மூளையில ஆபத்து மணி அடிக்கிற பகுதி, ஆபத்து இல்லாத நேரத்தில் மணியை அடிச்சிடுது. அட்ரினலின் பாயுது. வெறிநாய் துரத்தினா உடம்பு எப்படி ஓடத் தயாராகுமோ அப்படித் தயாராகுது. நாய்தான் இல்ல.

மூச்சை வேக வேகமா இழுக்கும்போது ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையுது. விரல் மரத்துப் போறது, உதட்டைச் சுத்தி குறுகுறுப்பு, தலை கிறுகிறுப்பு எல்லாம் அதனாலதான். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போகும். அரை மணி வாக்குல இறங்கிடும்.

ஆஸ்பத்திரி வந்து சேரும்போது எல்லாம் நார்மலா இருக்கறதுக்குக் காரணம் இதுதான். தீயணைப்பு வண்டி வர்றதுக்குள்ள தீ அணைஞ்சுட்டா, தீயே பிடிக்கலைன்னு எழுதிட்டுப் போவீங்களா?

6/
'ஒண்ணுமில்ல'ன்னு கேட்டதும் அந்தப் பையன் மனசுல ஓடற கணக்கை யோசிச்சுப் பாருங்க.

"சாவு வரைக்கும் போயிட்டு வந்தேன். டாக்டர் ஒண்ணுமில்லங்கறார். அப்போ, ஒண்ணு இவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியல. இல்லைன்னா எனக்குப் பைத்தியம் பிடிக்குது."

முதல் முடிவு அவனை அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புது, அடுத்த ஸ்கேனுக்கு அனுப்புது. ரெண்டாவது முடிவு அவன் வாயை மூட வைக்குது. உண்மையில் மூணாவது ஒரு பதில் இருக்கு: "இதுக்கு ஒரு பேர் இருக்கு, வைத்தியமும் இருக்கு." அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான். சொல்லல.

7/
இந்த நோய் உயிரைக் குடிக்கிற வேகத்தை விட வாழ்க்கையைச் சுருக்கற வேகம் அதிகம்.

ஒரு தடவை பைக்ல வந்துச்சா? பைக்கை விட்டுடலாம். பஸ்ல வந்துச்சா? பஸ்ஸும் வேணாம். கூட்டத்துல வந்துச்சா? கல்யாணம், தேர்த் திருவிழா, தியேட்டர் எதுவும் வேணாம். ஒவ்வொண்ணா விடும்போதும் அந்த நிமிஷத்துக்கு ஒரு நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் பொறி. "போகாததுனாலதான் தப்பிச்சேன்"னு மூளை பாடம் படிச்சிக்குது. அடுத்த தடவை பயம் இன்னும் சின்ன விஷயத்துக்கே வருது.

கடைசியில ஒரு ரூம், ஒரு போன், ஒரு சார்ஜர். 25 வயசுல.

8/
வெளியில் இருந்து பாக்கறவங்களுக்கு இது நோயாத் தெரியாது. 'குணமா' தெரியும். நான் ஓபியில் கேட்டவை:

முடி வெட்டப் போறதில்ல. கழுத்துல துணியைக் கட்டி உக்கார வெச்சா பாதியில எந்திரிச்சு ஓட முடியாதுங்கற பயம்.
பஸ்ல படிக்கட்டுப் பக்கத்து சீட் கிடைச்சா மட்டும் ஏறுவாங்க.
தண்ணி பாட்டில் இல்லாம தெருமுனைக்குக் கூடப் போறதில்ல.
கையில ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கிட்டு நாளைக்கு ஐம்பது தடவை நாடித் துடிப்பைப் பாக்கறாங்க.
புது நம்பர்ல இருந்து போன் வந்தா எடுக்கறதில்ல. இன்டர்வியூ அழைப்பு அப்படியே போயிடுது.
இன்டர்வியூ அன்னிக்குக் காலையில நாலு தடவை பாத்ரூம்.

வீட்ல இதுக்கு வெச்ச பேர்: சோம்பேறி, திமிர், கூச்ச சுபாவம், போன் பைத்தியம்.

9/
பதற்ற நோய்னு சொன்னா பேனிக் மட்டும் இல்ல.

எதைப் பத்தியும் மாசக்கணக்கா கவலை ஓடிக்கிட்டே இருக்கறது ஒரு வகை. அம்மா போனை எடுக்க ரெண்டு நிமிஷம் லேட்டானா ஆக்ஸிடென்ட் வரைக்கும் மனசு போயிடும். தூக்கம் இல்ல, கழுத்து தோள் எல்லாம் இறுக்கம், எதுலயும் கவனம் நிக்காது.

நாலு பேர் முன்னாடி பேசணும், சாப்பிடணும், கையெழுத்துப் போடணும்னா உடம்பே நடுங்கறது இன்னொரு வகை. இது பெரும்பாலும் பள்ளிக்கூட வயசுலயே தொடங்கிடும். பதில் தெரிஞ்சும் கையைத் தூக்காத பிள்ளை. ரிப்போர்ட் கார்டுல 'அமைதியான மாணவன்'னு பாராட்டு வேற எழுதியிருப்பாங்க. பத்து வருஷம் கழிச்சு கேம்பஸ் இன்டர்வியூ குரூப் டிஸ்கஷன்ல அந்தப் பிள்ளை வாயைத் திறக்காம வெளியே வரும்.

10/
பெண்களுக்கு இன்னும் மோசம். உலகம் முழுக்கவே பதற்ற நோய் ஆண்களை விடப் பெண்களுக்குத்தான் அதிகம். ஆனா கல்யாணமாகி ஆறு மாசத்துல ஒரு பொண்ணுக்கு நெஞ்சடைப்பு வந்தா, இந்த ஊர்ல முதல்ல வர்ற நோயறிதல் 'நடிப்பு'.

மாமியார் சொல்றதாவது பழைய பழக்கம்னு விட்டுடலாம். டூட்டி ரூம்ல டாக்டர்களும் நர்ஸும் கண்ணைக் காட்டிக்கிட்டு சிரிக்கறதை என்ன சொல்ல? நான் பார்த்திருக்கேன். பயிற்சி டாக்டரா இருந்த காலத்துல நானும் சிரிச்சிருக்கேன். அந்தப் பொண்ணுங்க இப்போ எங்க, எப்படி இருக்காங்களோ.

11/
"அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது? இப்ப வந்த ஃபேஷன்."

அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத்திணறல்னு வந்த சிப்பாய்களை டாகோஸ்டாங்கற மருத்துவர் பரிசோதிச்சார். இதயத்துல பெரிய கோளாறு எதுவும் தெரியல, ஆனா ஆள் துடிக்கறான். 1871ல அதைக் கட்டுரையா எழுதினார். அந்தத் தொந்தரவுக்கே பின்னாடி அவர் பேர் வந்தது. அவர் விவரிச்சதுல நிறைய, இன்னைக்கு நாம பதற்ற நோய்ல பாக்கற அறிகுறிகள்தான்.

அவ்வளவு தூரம் ஏன்? நம்ம பாட்டிகள் 'பயந்த கோளாறு'ன்னு சொன்னது எதை? மந்திரிச்சது, கயிறு கட்டினது, வேப்பிலை அடிச்சது எதுக்கு? நோய் அப்பவும் இருந்தது. சொல்லப்போனா பாட்டி எங்களை விட ஒரு படி மேல. பாட்டி ஒருநாளும் 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லல. "புள்ள பயந்திருக்கு"ன்னு சொன்னாங்க. நோயறிதல் சரி, வைத்தியம்தான் வேற.

12/
கொஞ்சம் கணக்கு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ல் உலகத்தில் 30 கோடிப் பேருக்கு பதற்ற நோய் இருந்தது. மனநோய்களிலேயே அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். வைத்தியம் கிடைக்கறது ஏறக்குறைய நாலு பேரில் ஒருத்தருக்கு.

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. வெவ்வேறு மனநோய்களுக்கு வைத்தியமே கிடைக்காதவங்க 70 முதல் 92 சதவீதம்.

இதுல என் பையனை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க? அவன் ஆஸ்பத்திரிக்குப் போகாதவன் இல்ல. இந்த ஊர்ல பாதி ஆஸ்பத்திரியைப் பார்த்தவன். வைத்தியம் மட்டும்தான் கிடைக்கல.

13/
"டாக்டர், டென்ஷன் எல்லாருக்கும்தான் இருக்கு. நீங்க எல்லாத்தையும் நோயாக்கறீங்க."

நியாயமான கேள்வி. பரீட்சைக்கு முந்தின நாள் வயித்தைக் கலக்கறது நோய் இல்ல. வேலை போயிடுமோன்னு பயப்படற காலத்துல தூக்கம் கெடறதும் நோய் இல்ல. பயம் வேணும். பயம் இல்லாதவன் ரோட்டைக் கடக்க மாட்டான்.

நான் கேக்கறது ஒரே கேள்வி: பயத்துனால நீ எதையெல்லாம் விட்டுட்டே? போன வருஷம் செஞ்சுக்கிட்டு இருந்து இந்த வருஷம் செய்யாதது என்ன? பட்டியல் காலியா இருந்தா டென்ஷன். பட்டியல் நீண்டுக்கிட்டே போனா, மாசக்கணக்கா போனா, அது நோய். இதைக் கண்டுபிடிக்க எம்ஆர்ஐ வேணாம். உக்காந்து கேட்கற ஆள் வேணும்.

14/
குடும்பத்து வைத்தியத்துக்கு வருவோம்.

"கல்யாணம் பண்ணி வெச்சா சரியாகிடும்." ஆகாது. ஒருத்தர் கஷ்டம் ரெண்டு பேர் கஷ்டமாகும். நோயை மறைச்சுப் பண்ணினா ரெண்டு குடும்பத்துக் கஷ்டம்.

"கோயிலுக்குப் போ, யோகா பண்ணு." தாராளமா. கோயில் மன ஆறுதல் தரும், மூச்சுப் பயிற்சி உடம்பைத் தணிக்கும், நடை நல்லது. நான் எதையும் தடுக்கல. ஆனா கால் முறிஞ்சவனுக்கு விளக்கு மட்டும் போட்டுட்டு விடறதில்லையே? கட்டும் போடறோம்ல?

"மனசைத் தைரியமா வெச்சுக்கோ." இதைத்தான் என்னால சகிக்கவே முடியல. ஆஸ்துமா வந்தவன்கிட்ட 'மூச்சை நல்லா விடு'ன்னு சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அது முடியாமத்தானே வந்திருக்கான்.

15/
இப்போ அந்த மாத்திரை அட்டை.

அல்பிரசோலம். ஏதோ ஒரு ஊர்ல ஏதோ ஒரு டாக்டர் "ஒண்ணுமில்ல, நல்லாத் தூங்கு"ன்னு பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்திருக்கார். போட்டதும் அரை மணியில் படபடப்பு அடங்கிடுச்சு. கடவுளைக் கண்ட மாதிரி. சீட்டு முடிஞ்சதும் மருந்துக் கடையில வெறும் அட்டையைக் காட்டியே வாங்கியிருக்கான். ரெண்டு வருஷம். கால் மில்லிகிராமில் ஆரம்பிச்சு நாளைக்கு ஒண்ணரை மில்லிகிராம் வரைக்கும்.

அவசரத்துக்கு, குறுகிய காலத்துக்கு உதவற மருந்துதான். தினமும் மாசக்கணக்கா போட்டா உடம்பு பழகிடும், அளவு ஏறும், விட்டா பதற்றம் முன்னை விட அதிகமா வரும்.

முக்கியம்: இதைப் படிச்சுட்டு யாரும் திடீர்னு நிறுத்தாதீங்க. ஃபிட்ஸ் வரலாம். டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.

16/
இந்த மருந்து அட்டவணை எச்1ல் இருக்கு. சீட்டு இல்லாம விற்கக் கூடாது. யாருக்கு, எந்த டாக்டர் எழுதி, எவ்வளவு கொடுத்தாங்கன்னு கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். சட்டம் இவ்வளவு தெளிவா இருக்கு.

கடைக்காரர்களை மட்டும் திட்டிட்டுப் போறது சுலபம். ஆனா நோய்க்குப் பேர் சொல்லாம மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்தது யாரு? "இது எதுக்கு, எத்தனை நாளைக்கு, அப்புறம் என்ன பண்ணணும்"னு ஒரு வரி சொல்லியிருந்தா அவன் கடைக்கு ஏன் போறான்? ஒரு கையால 'உனக்கு நோய் இல்ல'ங்கறோம். இன்னொரு கையால அடிமையாக்கற மாத்திரையை நீட்டறோம்.

17/
சரியான வைத்தியம் என்ன?

முதல்ல புரிய வைக்கறது. அடுத்து சிபிடின்னு சொல்ற பேச்சு சிகிச்சை. "படபடன்னு அடிச்சா ஹார்ட் அட்டாக்"ங்கற மூளையோட தப்புக் கணக்கைத் திருத்தறது, விட்டதை எல்லாம் படிப்படியா திரும்பச் செய்ய வைக்கறது.

எங்க பையனுக்கு முதல் வாரம்: தெருமுனை டீக்கடை வரைக்கும், தனியா. படபடப்பு வந்தா ஓடி வரக் கூடாது. அங்கேயே நிக்கணும், அது தானா இறங்கற வரைக்கும். ரெண்டாவது வாரம்: டவுன் பஸ்ல ரெண்டு ஸ்டாப். அப்புறம் நாலு. 'வந்தாலும் சாகல, தானா இறங்குது'ன்னு உடம்பே கத்துக்கணும். நாம சொல்லித் தெரியாது.

கேக்க எளிமை. செய்யறவனுக்கு அந்த ரெண்டு ஸ்டாப் எவரெஸ்ட்.

18/
தேவைப்பட்டா மாத்திரை. செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் மாதிரி மருந்துகள். இவை அல்பிரசோலம் மாதிரி அடிமைப்படுத்தற வகை இல்ல. அரை மணியில் வேலை செய்யாது. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். நல்லானதும் உடனே நிறுத்தக் கூடாது. பொதுவா இன்னும் ஆறு மாசம், ஒரு வருஷம் தொடர்ந்துட்டு மெதுவா குறைப்போம்.

பக்கவிளைவே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். குமட்டல், தூக்கத்தில் மாற்றம், சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையறது உண்டு. ஆரம்ப நாட்கள்ல பதற்றம் கொஞ்சம் கூடலாம். 25 வயசுக்குக் கீழே இருக்கறவங்களை முதல் சில வாரம் கவனமாப் பாக்கணும், தற்கொலை எண்ணம் வருதான்னு கேக்கணும். அதனாலதான் டாக்டர் மேற்பார்வை. "பைத்தியக்கார மாத்திரை"ன்னு வாட்ஸ்அப்ல பரப்பறதை நிறுத்துங்க.

19/
இந்தப் பக்கம் இன்னொரு கூட்டம். ரீல்ஸ் போடறவங்க. "இந்த 5 அறிகுறி இருந்தா உங்களுக்கு ஆங்சைட்டி"ன்னு ஆரம்பிச்சு கடைசியில பவுடர் விக்கறாங்க, மூணு நாள் கோர்ஸ் விக்கறாங்க.

கோபம் வருது. ஆனா ஒண்ணை ஒத்துக்கணும். எங்ககிட்ட வந்தப்போ 'ஒண்ணுமில்ல'ன்னு அனுப்பினோம். ரீல்ஸ்காரன் 'உனக்கு இருக்கு'ன்னு சொன்னான். பசங்க அவன்கிட்ட போனதுல என்ன ஆச்சரியம்? போலி மருத்துவத்தைப் பத்தி மாசம் ஒரு பதிவு போடறோம். அதுக்கான சந்தையைத் திறந்து வெச்சதுல நம்ம பங்கையும் ஒரு தடவை எழுதுவோம்.

20/
சக டாக்டர்கள் சொல்லப் போற பதில் எனக்குத் தெரியும். "ஒரு ஓபியில் நூறு பேர். ஒருத்தருக்கு மூணு நிமிஷம். இதுல கவுன்சலிங் எங்க பண்றது?"

உண்மைதான். நான் படிச்சப்போ மனநலப் பிரிவுக்கு ரெண்டு வார போஸ்டிங்தான். தனிப் பரீட்சை கிடையாது. பாதி நாள் கையெழுத்துப் போட்டுட்டு லைப்ரரிக்கு ஓடினோம். ஸ்கேன் எழுதினா மறுகேள்வி இல்ல. பத்து நிமிஷம் பேசினா "மாத்திரை கூடக் கொடுக்கல, இதுக்கா ஃபீஸ்?"னு கேக்கறாங்க.

எல்லாம் சரி. ஆனா 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்ல ஆகற நேரத்தை விட அதிகமா அரை நிமிஷம்தான் நான் கேக்கறேன்.

21/
இதைச் சொல்லுங்க போதும்:

"தம்பி, உன் இதயம் நல்லா இருக்கு. ஆனா உனக்கு நடந்தது நிஜம், நீ நடிக்கல. இதுக்குப் பேர் பேனிக் அட்டாக். இதனால நீ சாக மாட்டே. நல்ல வைத்தியம் இருக்கு. திரும்ப வந்தா பயந்து எதையும் விட்டுடாதே, என்னை வந்து பாரு."

கடிகாரம் வெச்சுப் பார்த்தேன். இருபது விநாடி. தைராய்டும் ரத்தசோகையும் இதே மாதிரி படபடப்பைத் தரும், அதுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. ஜிஏடி-7ன்னு ஏழு கேள்வி கொண்ட படிவம் இருக்கு. வெயிட்டிங் ஹால்லயே நிரப்பிடலாம். தொடர்ந்து வந்தா மனநல மருத்துவர்கிட்ட அனுப்புங்க. அனுப்பும்போது குரலைத் தாழ்த்தி ரகசியம் மாதிரி சொல்லாதீங்க. கண் டாக்டர்கிட்ட அனுப்பற மாதிரியே அனுப்புங்க.

22/
முதலாளிகளுக்கும் கல்லூரிகளுக்கும். காய்ச்சல்னு லெட்டர் கொடுத்தா லீவு கிடைக்குது. பதற்ற நோய்க்குச் சிகிச்சைன்னு கொடுத்தா அந்த லெட்டர் ஆபீஸ் முழுக்கச் சுத்துது. அதனால பசங்க என்கிட்ட வந்து "சார், வைரல் ஃபீவர்னு எழுதிக் கொடுங்க"ன்னு கெஞ்சறாங்க. உண்மையான நோய்க்குப் பொய் சர்டிபிகேட் கேக்கற நிலைமையில வெச்சிருக்கோம்.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல் நோய்க்கு இருக்கற அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரணும்னு சொல்லுது. ஆனா பெரும்பாலான பாலிசி அட்மிட் ஆனாத்தான் காசு தரும். பதற்ற நோய்க்காரன் அட்மிட் ஆகறதில்ல, வாராவாரம் சிகிச்சைக்கு வர்றான். அந்தச் செலவு அவன் தலையில.

23/
தப்பாப் புரிஞ்சுக்கக் கூடாதுன்னு இது: எல்லா நெஞ்சுப் படபடப்பும் பதற்றம் இல்ல. முதல் தடவை வந்தா கண்டிப்பா டாக்டரைப் பாருங்க, ஈசிஜி எடுங்க.

மாடி ஏறும்போது, விளையாடும்போது நெஞ்சு வலிச்சா, மயங்கி விழுந்தா, காரணமில்லாம உடம்பு இளைச்சா, குடும்பத்தில் இளம் வயசுல யாராவது திடீர்னு இறந்திருந்தா முழுசாப் பரிசோதிக்கணும். பரிசோதனையே வேணாம்னு நான் சொல்லல. பத்தாவது ஈசிஜி வேணாம்னு சொல்றேன்.

24/
வீட்ல இருக்கறவங்களுக்கு. பிள்ளை பதறும்போது "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ன்னு சொல்லாதீங்க. "நான் இருக்கேன். மெதுவா மூச்சை வெளியே விடு. இது இறங்கிடும்"னு சொல்லி பக்கத்துல உக்காருங்க. இறங்கினதுக்கப்புறம் அறிவுரை வேணாம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகள்லயும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்லயும் மனநலப் பிரிவு இருக்கு, இலவசம். 14416 டெலி மனாஸ், இலவசம், 24 மணி நேரமும், தமிழ்ல பேசலாம். தமிழ்நாட்டில் 104ம் இருக்கு. வாழவே பிடிக்கலைன்னு ஒரு நொடி தோணினாலும் உடனே கூப்பிடுங்க.

25/
அந்தப் பையன் இப்போ எப்படி இருக்கான்னு கேப்பீங்க. மனநல மருத்துவர் பார்த்தார். அல்பிரசோலத்தை விடவே நாலஞ்சு மாசம் ஆச்சு. எட்டாவது மாசம் கோயம்புத்தூருக்கு பஸ்ல தனியாப் போயிட்டு வந்தான். இப்பவும் எப்பவாவது படபடப்பு வருது. "வந்துட்டுப் போகட்டும் சார்"ங்கறான். வேற கம்பெனியில் வேலை. பழைய சம்பளத்தை விடக் குறைவு. கூட வேலை செஞ்ச பசங்க மேனேஜர் ஆகிட்டாங்க.

அவன் அம்மா ஒருநாள் கேட்டாங்க. கோபமா இல்ல, சாதாரணமாத்தான். "இதுக்கு இப்படி ஒரு பேர் இருக்குன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே டாக்டர்?"

சொல்லியிருக்கலாம். இருபது விநாடி வேலை. அந்த ரெண்டு வருஷத்தை நான் எப்படித் திருப்பித் தர்றது?

இதைப் படிக்கற டாக்டர்களே, நாளைக்கு ஓபியில் நார்மல் ஈசிஜியோட ஒரு பையனோ பொண்ணோ நம்ம முன்னாடி உக்காந்திருப்பாங்க. அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வரும். முழுங்கிடுங்க.